வெம்மை உரைத்த சாட்சியம்: வியாழனின் முகிலடுக்குகளை அறிந்த வரலாறு

இரவு வானில் வெள்ளிக்கு அடுத்தபடியாகப் பேரொளியுடன் திகழும் கோள் வியாழன். நம்மவர் அதனை வியாழன் என்றும் குரு என்றும் அழைத்தனர். அரபு வானநூலார் முஷ்தரீ என்றனர். பெயர்கள் பலவாயினும் அனைவரும் கண்டது ஒன்றையே. ஆயினும் இத்தனை தலைமுறையினரும் கண்டது வியாழனைத்தானா என்று வினவினால், முழுமையாக ஆம் என்று சொல்ல இயலாது. அவர்கள் கண்டது அக்கோளின் மேல் விரிந்து கிடக்கும் முகிற்கூரையை மட்டுமே.

பூமியைப் போலப் பதினொரு மடங்கு குறுக்களவு உடையது வியாழன். பத்து மணி நேரத்திற்கும் குறைவான காலத்தில் தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. கால் ஊன்றி நிற்கத்தக்க நிலம் அங்கே இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும் ஆன வாயுக்கடல் ஆழம் செல்லச் செல்ல அடர்ந்துகொண்டே போகிறது. அக்கடலின் மேற்பரப்பில் வெண்மையும் செம்மையும் பழுப்பும் கலந்த பட்டைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. தொலைநோக்கியில் நம் கண்ணுக்குப் புலனாவது இந்தப் பட்டைகளே. கதிரவனின் ஒளி அம்முகில்களின் மேல் பட்டுத் திரும்பி நம்மை வந்தடைகிறது. கூரையின் வெளிப்புறத்தைக் காட்டும் ஒளி அது. கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது, முகில்கள் எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் எதனால் ஆனது என்னும் வினாக்களுக்கு அந்த ஒளியால் விடை கூற முடியாது.

அவ்வினாக்களுக்கு விடை கூறிய சாட்சி வேறொன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வியாழன் வெளியிடும் வெம்மையே அச்சாட்சி. அதன் மொழியைக் கற்றுக்கொள்ள மனிதருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. கற்ற பிறகு, நேரில் சென்று பார்த்துவந்த கருவியின் சொல்லைக்கூட அச்சாட்சியைக் கொண்டு சரிபார்க்க வேண்டிய நிலை ஒருமுறை வந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

சிவப்புக்கு அப்பால்

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, இசைக்கலைஞராக இங்கிலாந்து சென்று, அங்கே வானியலராகப் புகழ்பெற்றவர். 1781-இல் யுரேனசைக் கண்டறிந்தவர் அவரே. கதிரவனைத் தொலைநோக்கியால் ஆராய்வதற்கு அவர் பல நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தி வந்தார். சில கண்ணாடிகள் ஒளியைப் பெரிதும் தடுத்தும் வெப்பத்தை விட்டுவிடுகின்றன. வேறு சில வெப்பத்தைத் தடுத்தும் ஒளியை விட்டுவிடுகின்றன. இந்த வேறுபாடு அவர் சிந்தையைத் தூண்டியது.

1800-ஆம் ஆண்டில் அவர் கதிரவனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, அது விரித்த நிறமாலையில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் கூடிற்று. சிவப்பைக் கடந்து, நிறம் எதுவும் இல்லாத இருளில் வெப்பமானியை வைத்தபோது அது மேலும் உயர்ந்தது. ஒளியைப் போலவே வளையவும் திரும்பவும் கூடிய, ஆனால் கண்ணால் காணவொண்ணாத கதிர்கள் உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அகச்சிவப்புக் கதிர்கள் எனப் பிற்காலத்தார் பெயரிட்டது அவற்றையே.

இக்கண்டுபிடிப்பின் முழுப்பயன் உடனே விளங்கவில்லை. வெம்மையுடைய ஒவ்வொரு பொருளும், அது எவ்வளவு குளிர்ந்ததாயினும், தன் வெப்பநிலைக்கு ஏற்ற கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. கொதிக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளியை வீசுகிறது. நம் உடல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை வீசுகிறது. எனவே ஒரு கோள் வீசும் அகச்சிவப்பை அளக்க முடியுமானால் அதன் வெப்பநிலையை இங்கிருந்தே அறியலாம். ஆனால் கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் அந்த வெம்மை மிகமிக நுண்ணியது. அதை உணரவல்ல கருவி உருவாக மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

சிறிய சூரியனா, உறைபனிக் கோளா?

இதற்கிடையில் அறிஞர்களிடையே ஒரு வழக்கு எழுந்தது. கதிரவனிடமிருந்து பூமியைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல் தொலைவில் உள்ளது வியாழன். நமக்குக் கிடைக்கும் வெயிலில் அதற்குக் கிடைப்பது இருபத்தேழில் ஒரு பங்கே. அவ்வளவு குறைந்த வெயிலில் இத்தனை கொந்தளிப்பான முகில்கள் எப்படி எழும்? இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிராக்டர் 1870-இல் வெளியிட்ட நூலில், வியாழன் தன் உள்வெப்பத்தால் கொதிக்கும் கோள், ஒரு சிறிய சூரியனை ஒத்தது என்று வாதிட்டார். அரை நூற்றாண்டு காலம் அக்கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது.

1923-இல் ஹரால்ட் ஜெஃப்ரீஸ் இதை மறுத்தார். பல கோடி ஆண்டுகளில் வியாழனின் மேற்பகுதி குளிர்ந்துவிட்டிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே காலத்தில் அமெரிக்காவில் வில்லியம் கோப்ளென்ட்ஸ், கார்ல் லாம்ப்லண்ட் ஆகியோர் அரிசோனாவின் லோவெல் வானாய்வுக் கூடத்தில் கோள்களின் வெம்மையை நேரடியாக அளந்து வந்தனர். அவர்களுடைய கருவி வெப்பமின்னிரட்டை. இரு வேறு உலோகங்கள் கூடும் முனையில் வெம்மை பட்டால் சிறிதளவு மின்னோட்டம் பிறக்கும் என்பதே அதன் தத்துவம்.

கோளிலிருந்து வருவதில் ஒரு பகுதி திரும்பி வரும் கதிரவனின் ஒளி. மற்றொரு பகுதி கோளின் சொந்த வெம்மை. இவ்விரண்டையும் எப்படிப் பிரிப்பது? அதற்கு அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. கதிர்களின் வழியில் தண்ணீர் நிறைந்த சிறு கண்ணாடிப் பெட்டியை வைத்தனர். தண்ணீர் ஒளியை விட்டுவிடும். கோளின் நெடிய வெப்ப அலைகளைத் தடுத்துவிடும். பெட்டியோடு ஓர் அளவு, பெட்டியின்றி ஓர் அளவு. இரண்டின் வேறுபாடே கோளின் சொந்த வெம்மை. இவ்வளவீடுகளைக் கொண்டு டொனால்ட் மென்செல் கணக்கிட்டார். வியாழனின் முகில்முடி சுழியத்திற்குக் கீழே நூறு பாகைக்கும் மேற்பட்ட குளிரில் உறைந்திருப்பது புலனாயிற்று. சிறிய சூரியன் என்னும் கற்பனை அன்றோடு முடிந்தது.

அந்தக் குளிரில் நீராவி முகிலாக மிதக்க முடியாது. அது எப்போதோ பனிக்கட்டியாகிக் கீழே தங்கியிருக்கும். அவ்வாறாயின் நாம் காணும் முகில்கள் எதனால் ஆனவை? லோவெல் கூடத்தின் வெஸ்டோ ஸ்லைஃபர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே வியாழனின் நிறமாலையில் கருங்கோடுகள் பலவற்றைப் படம் பிடித்திருந்தார். அவற்றின் பொருள் அன்று யாருக்கும் விளங்கவில்லை. 1932-இல் ஜெர்மானியரான ரூபர்ட் வில்ட், அவை அம்மோனியாவும் மீத்தேனும் விட்டுச்சென்ற அடையாளங்கள் என்று காட்டினார். அடுத்த ஆண்டு மவுண்ட் வில்சன் கூடத்தில் தியடோர் டன்ஹம் அதை உறுதிசெய்தார். வெண்முகில்கள் அம்மோனியாப் பனித்துகள்களாக இருக்கலாம் என்னும் கருத்து இதிலிருந்தே வேர்கொண்டது.

வானூர்தியில் ஏறிய தொலைநோக்கி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போர்க்காலத்தில் உருவான காரீய சல்ஃபைடு உணரிகளை ஜெரார்ட் கைப்பர் வானியலுக்குக் கொண்டுவந்து, கோள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை எடுத்தார். 1961-இல் ஃபிராங்க் லோ என்னும் இயற்பியலர் ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் ஆன வெப்ப உணரி ஒன்றை அமைத்தார். திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி வைக்கப்பட்ட அக்கருவி, தன் சொந்த வெம்மையால் தடுமாறாமல், தொலைதூரத்து நுண்ணிய வெம்மையை உணரவல்லதாயிற்று.

எஞ்சியிருந்த தடை நம் பூமியின் காற்று. அதிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே லோவும் அவருடைய தோழர்களும் சிறிய ஜெட் விமானம் ஒன்றில் 30 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்திற்குப் பறந்தனர். 1969-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. வியாழன் கதிரவனிடமிருந்து பெறுவதைக் காட்டிலும் கூடுதலான வெப்பத்தை வெளியே வீசுகிறது!

வெயிலை மட்டும் நம்பியிருந்தால் வியாழனின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 163 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். உண்மையில் அது சுமார் 148 பாகை. இந்தப் பதினைந்து பாகை வேறுபாட்டிற்குள் ஒரு பெருஞ்செய்தி அடங்கியிருந்தது. கோள் உருவானபோது சுருங்கித் திரண்டதில் பிறந்த வெப்பம் இன்னும் தீரவில்லை. பிராக்டர் சொன்ன கொதிக்கும் மேற்பரப்பு பொய். ஆனால் முகில்களைக் கொந்தளிக்கச் செய்யும் உள்வெப்பம் மெய். ஜெஃப்ரீஸ் சொன்ன குளிர்ந்த மேற்பகுதி மெய். ஆனால் அனல் அவிந்த கோள் என்பது பொய். வழக்காடிய இருவரும் பாதி வென்றனர், பாதி தோற்றனர்.

கூரையின் பொத்தல்கள்

அதே 1969-இல் இன்னொரு சாளரமும் திறந்தது. கில்லட், லோ, ஸ்டெய்ன் ஆகிய மூவர் வியாழனின் அகச்சிவப்பு நிறமாலையை ஆராய்ந்தபோது, ஐந்து மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி எதிர்பாராத ஒளிர்வு தென்பட்டது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டில் ஜேம்ஸ் வெஸ்ட்ஃபால், கலிபோர்னியாவின் பாலமார் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியை அந்த அலைநீளத்தில் வியாழனை நோக்கித் திருப்பினார். கோள் முழுதும் ஒரே சீராக ஒளிரவில்லை. குறிப்பிட்ட சில திட்டுகளே பளிச்சிட்டன. அவற்றின் வெம்மை, முகில்முடியின் கடுங்குளிரைப் போலன்றி, நீர் உறையும் நிலையை நெருங்கியிருந்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ஓலைக்குடிசை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பகலில் அதன் கூரையில் பொத்தல்கள் உண்டா என்று தொலைவிலிருந்து சொல்ல முடியாது. இரவில் உள்ளே விளக்கேற்றினால் ஒவ்வொரு பொத்தலும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். வியாழனின் வாயுக்களான ஹைட்ரஜனும் மீத்தேனும் ஐந்து மைக்ரான் அலைகளை அதிகமாகத் தடுப்பதில்லை. ஆகவே ஆழத்திலுள்ள வெப்பமான காற்றின் கதிர்கள் முகில் இல்லாத இடத்தில் தடையின்றி வெளியேறுகின்றன; முகில் அடர்ந்த இடத்தில் தடைப்படுகின்றன. உள்வெப்பமே விளக்கு, முகிலே கூரை.

பின்னர் வரையப்பட்ட படங்களை ஒளிப்படங்களோடு ஒப்பிட்டபோது வியப்பான ஒழுங்கு வெளிப்பட்டது. கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும் பட்டைகள் அகச்சிவப்பில் இருண்டன; பழுப்பு நிறக் கரும்பட்டைகள் ஒளிர்ந்தன. நிலநடுக்கோட்டின் வடபுறத்தே ஓடும் கரும்பட்டையின் ஓரத்தில் காணப்படும் நீலச்சாம்பல் திட்டுகளே அனைத்திலும் மிகுதியாக ஒளிர்ந்தன. புகழ்பெற்ற செந்திட்டோ இருண்டு கிடந்தது. அதன் விளிம்பில் மட்டும் ஒளிவளையம். நிறம் என்று நாம் எண்ணிய வேறுபாடு, பெருமளவு முகிலின் கனத்திலும் ஆழத்திலும் உள்ள வேறுபாடு என்பது தெளிவாயிற்று.

இந்த முகில்கள் எத்தனை அடுக்காக இருக்க முடியும் என்பதை வேதியியல் வழியாகக் கணக்கிட்டவர் ஜான் லூயிஸ். அவருடைய ஆய்வும் 1969-இல்தான் வெளிவந்தது. கதிரவனில் உள்ள தனிமங்களின் விகிதமே வியாழனிலும் இருப்பதாகக் கொண்டு, எந்த வெப்பத்தில் எந்த வாயு உறையும் என்று அவர் பார்த்தார். மூன்று அடுக்குகள் கிடைத்தன. மேலே, பூமியின் காற்றழுத்தத்திலும் சற்றுக் குறைந்த அழுத்தத்தில், அம்மோனியாப் பனி. அதன் கீழே, சுமார் இரு மடங்கு அழுத்தத்தில், அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூடிப் பிறக்கும் அம்மோனியம் ஹைட்ரோசல்ஃபைடு. அதற்கும் கீழே, ஏறத்தாழ ஐந்து மடங்கு அழுத்தத்தில், நம் ஊர் வானில் மிதப்பதைப் போன்ற நீர்முகில். மேலடுக்கிற்கும் கீழடுக்கிற்கும் இடையே அறுபது கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி. 1977-இல் ரிச்சர்ட் டெரிலும் வெஸ்ட்ஃபாலும் ஐந்து மைக்ரான் அளவீடுகளைக் கொண்டு, முகில்கள் உண்மையிலேயே அடுக்கடுக்காக உள்ளன என்று காட்டினர்.

நீர் உண்டா என்பதற்கும் அந்தச் சாளரமே விடையளித்தது. 1975-இல், கைப்பரின் பெயரைத் தாங்கிய பறக்கும் வானாய்வுக் கூடத்தில், 91.5 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 12.4 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த ஆய்வாளர்கள், நீராவிக்கே உரிய பதினான்கு கோடுகளை வியாழனின் ஒளியில் கண்டனர். பயோனியர் 10 விண்கலம் 1973 டிசம்பரிலும் பயோனியர் 11 ஓராண்டு கழித்தும் வெப்ப அளவிகளுடன் வியாழனைக் கடந்து சென்றன. 1979-இல் வாயேஜர் கலங்கள் இரண்டும் ருடால்ஃப் ஹேனல் குழுவினர் அமைத்த அகச்சிவப்பு நிறமாலைமானியுடன் கடந்தன. கோள் பெறுவதைப் போல 1.67 மடங்கு வெப்பத்தை வீசுகிறது என்று வாயேஜர் அளந்தது. பின்னர் காசினி விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2018-இல் அது இரு மடங்குக்கும் சற்று மேல் எனத் திருத்தப்பட்டது.

நேரில் கண்ட சாட்சி

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை இருந்தது. முகிலடுக்குகளைப் பற்றிய எல்லாச் செய்தியும் தொலைவிலிருந்து கேட்டறிந்ததே. உள்ளே இறங்கித் தொட்டுப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று அறிவியலார் விரும்பினர். 1989 அக்டோபரில் ஏவப்பட்ட கலிலியோ விண்கலம் அதற்கென 339 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆய்கலத்தைச் சுமந்து சென்றது. அது 1995 ஜூலையில் தாய்க்கலத்திலிருந்து பிரிந்து, டிசம்பர் 7-ஆம் நாள் வியாழனின் காற்றுக்குள் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. வெப்பக்கவசம் உராய்வைத் தாங்க, பின்னர் வான்குடை விரிய, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது செய்தி அனுப்பிக்கொண்டே இறங்கியது. பூமியின் காற்றழுத்தத்தைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், நூற்றைம்பது பாகை வெப்பத்தில், அதன் குரல் அடங்கியது.

அது சொன்னது யாது? மூன்று முகிலடுக்குகளை எதிர்பார்த்துச் சென்ற கருவி, மெல்லிய முகிற்படலத்தையன்றிப் பெரிதாக எதையும் காணவில்லை. நீர்முகில் இருக்க வேண்டிய இடத்தில் முகிலே இல்லை. நீராவியும் எதிர்பார்த்ததில் சிறு பங்கே. நேரில் சென்ற சாட்சி, 'நான் பார்த்தேன், அங்கே நீர் இல்லை' என்றது.

இது எளிய செய்தியன்று. அண்டத்தில் ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்திற்கும் அடுத்தபடியாக மிகுந்திருப்பது ஆக்சிஜன். வியாழனில் அந்த ஆக்சிஜன் பெரும்பாலும் நீராகவே இருக்கிறது. கோள்கள் பிறந்த காலத்தில் பனித்திரள்கள் எவ்வளவு வந்து சேர்ந்தன, வியாழன் எங்கே எப்படி உருவாயிற்று என்பதற்கெல்லாம் நீரின் அளவே அளவுகோல். நீர் இல்லையெனில் கோள்களின் பிறப்பைப் பற்றிக் கட்டப்பட்ட கோட்பாடுகள் ஆட்டம் கண்டுவிடும். 1996-இன் தொடக்கத்தில் முடிவுகள் வெளிவந்தபோது அறிவியலார் உண்மையிலேயே கலங்கினர்.

அவ்வேளையில் கைகொடுத்தது பழைய சாட்சி. கலிலியோ தாய்க்கலத்தின் நாடாப் பதிவுக் கருவி 1995 அக்டோபரில் பழுதுற்றமையால், அது கோளை அணுகும் வேளையில் எடுக்கவிருந்த படங்கள் பல கைவிடப்பட்டிருந்தன. பூமியிலிருந்து பார்க்கவோ, வியாழன் வானில் கதிரவனை ஒட்டி நின்ற காலம் அது. பெரும்பாலான தொலைநோக்கிகள் அத்திசையில் திரும்பவே அஞ்சும். ஆயினும் ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையில், ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில், நாசாவின் மூன்று மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி இருந்தது. கிளென் ஆர்ட்டன் என்பவரும் அவர் தோழர்களும் அதனைக் கொண்டு வியாழனின் வெப்பத் திட்டுகளைத் தொடர்ந்து படமெடுத்து, அவை நகரும் போக்கைக் கணித்து வந்தனர். ஆய்கலம் புகுந்த இடத்தை அப்படங்களில் குறித்துப் பார்த்தபோது உண்மை துலங்கியது. ஐந்து மைக்ரானில் பளிச்சிடும் திட்டு ஒன்றின் ஓரத்திலேயே அது புகுந்திருந்தது. கூரையின் பொத்தலில் போய் விழுந்த கருவி, கூரையே இல்லை என்று சொல்லியிருக்கிறது!

இத்தகைய திட்டுகள் கோளின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே, மேலே எழுந்து தன் ஈரத்தை முகிலாக இழந்துவிட்ட காற்று, பேரலை ஒன்றின் போக்கில் ஆழத்தை நோக்கி அமிழ்கிறது. பூமியின் பாலைவனங்கள் மேல் வறண்ட காற்று இறங்குவதை ஒத்தது அது. கண்ணைக் கட்டி ஒருவனைப் பாலை மணலில் இறக்கி, உலகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவன் சொல்வதில் பொய் இராது. ஆனால் அவன் சொல்லை உலகத்திற்கே உரியதாகக் கொண்டால் அது பெரும் பிழையாகும். ஆய்கலத்தின் பதிவுகளிலேயே இதற்குச் சான்று இருந்தது. கீழே இறங்க இறங்க அம்மோனியா முதலிலும், ஹைட்ரஜன் சல்ஃபைடு பின்னரும் கூடிக்கொண்டே வந்தன. நீரோ அதன் குரல் அடங்கும் தறுவாயிலும் கூடிக்கொண்டிருந்தது. ஈரம் அங்கே இல்லாமல் போகவில்லை, ஆழத்தில் தங்கிவிட்டிருந்தது.

ஆய்கலத்தின் அளவுகள் எதையும் யாரும் தள்ளிவிடவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஹீலியத்தின் அளவும் கரிமம், கந்தகம் போன்றவற்றின் அளவும் அது தந்தவையே இன்றும் அடிப்படையாக உள்ளன. மாறியது, அச்சாட்சியத்திற்கு உரிய எல்லை. சாட்சி எங்கே நின்று பார்த்தது என்று அறியாதவரை, அது சொன்னதன் பொருளை அறிய முடியாது. நின்ற இடத்தைக் காட்டியது அகச்சிவப்புப் படம்.

முடியாத விசாரணை

அதன்பின் வந்த ஆய்வுகள் நீரைத் தேடும் பணியைத் தொடர்ந்தன. 2018-இல் கோர்டன் பியோரேக்கரும் பிறரும் ஐந்து மைக்ரான் நிறமாலையில் மீத்தேனின் கோடுகளுடைய வடிவத்தை நுணுகி ஆராய்ந்து, செந்திட்டின் அடியில், ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்றழுத்தத்தில், முகிலடுக்கு ஒன்று இருப்பதைக் கண்டனர். லூயிஸ் நீர்முகிலுக்கு வகுத்த இடம் அதுவே. 2016-இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் நுண்ணலைகளைக் கொண்டு இன்னும் ஆழத்தைத் துழாவியது. நடுக்கோட்டுப் பகுதிக் காற்றின் மூலக்கூறுகளில் நூற்றுக்குக் கால் பங்கு நீர் என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. கதிரவனின் விகிதத்தோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. வறண்ட கோள் என்னும் ஐயம் இவ்வாறு நீங்கியது. 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்களோ, முகில்களுக்கு மேலே நடுக்கோட்டைச் சுற்றி மணிக்கு 515 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காற்றாறு ஒன்றை வெளிப்படுத்தின.

இத்துடன் விசாரணை முடிந்ததா? இல்லை. வெண்முகில்கள் அம்மோனியாப் பனி என்று பாடநூல்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தன. ஆனால் கலப்பற்ற அம்மோனியாப் பனியின் நிறமாலை அடையாளம் கோளின் பரப்பில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான இடத்திலேயே காணக் கிடைத்தது. 2025-இல் வெளிவந்த ஆய்வொன்று, நாம் காணும் முகில்களின் பெரும்பகுதி அம்மோனியா உறையும் உயரத்திற்குக் கீழே, அம்மோனியம் ஹைட்ரோசல்ஃபைடும் ஒளிவேதியியலால் பிறந்த புகைத்துகளும் கலந்ததாக இருக்க வேண்டும் என்று கூறியது. அந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானியலர் ஒருவர். கடையில் வாங்கத்தக்க தொலைநோக்கியும் நிறவடிகட்டிகளும் கொண்டு அவர் வியாழனின் அம்மோனியாவை வரைபடமாக்கியிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் அவ்வழியைச் சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியின் பதிவுகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்தனர். மூன்றடுக்குச் சித்திரம் அழிந்துவிடவில்லை. ஆயினும் நம் கண்ணில் படுவது அதன் முதல் அடுக்குதானா என்னும் கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது.

இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் அறிவியலார் பெற்ற செய்தி மெய்யாகவே இருந்தது. கண் கண்ட பட்டைகள் மெய். வெப்பமின்னிரட்டை அளந்த குளிர் மெய். ஜெட் விமானம் அளந்த உள்வெப்பம் மெய். ஆய்கலம் கண்ட வறட்சியும் மெய். தவறு நேர்ந்ததெல்லாம் ஓர் இடத்தின் மெய்யை முழுமைக்கும் உரியதாகக் கொண்டபோதுதான். நேரில் கண்டேன் என்பவன் சொல்லுக்கு உலகம் தரும் மதிப்பு பெரிது, அது தக்கதே. எனினும் அவன் எங்கிருந்து கண்டான் என்று கேட்கும் பொறுமையும் நமக்கு வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, சிவப்புக்கு அப்பாலுள்ள இருளில் ஹெர்ஷல் வைத்த சிறு வெப்பமானியிலிருந்து தொடங்கிய ஒரு கலை, 1995-இல் ஆயத்தமாக இருந்தது. மவுனா கியா மலையில் அன்று யாரும் அந்தத் திட்டுகளைப் படமெடுத்து வைத்திராவிடில், வியாழன் நீரற்ற கோள் என்றே நம் பிள்ளைகள் பாடம் படித்திருக்கக் கூடும்.